மடங்குவது கடைசிக் கேள்வி: வீட்டில் ஓட டிரெட்மில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஓட்டக்காரர்களிடமிருந்து கடிதங்கள் குவிகின்றன. பாதிக்கு மேல் மடக்கும் டிரெட்மில் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: வாரம் 4 நாள், நாளுக்கு 7 கி.மீ. ஓடுகிறேன். வேகம் மணிக்கு 9-10 கி.மீ. உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 76 கிலோ. வீட்டில் 10-க்கு 11 அடி அறை ஒன்று இருக்கிறது. மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று ஒரு மாடலைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போவது நடைக்கான பலகை. அதன் உச்ச வேகம் பெரும்பாலும் மணிக்கு 6 கி.மீ.தான். பெல்ட்டின் அகலம் 40 செ.மீ. அளவில் இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் பல மாடல்களில் கிடையாது. மடிக்கணினியை முன்னால் வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு அது நல்ல பொருள். 10 கி.மீ. வேகத்தில் ஓடுபவருக்கு அது ஆபத்து.

உங்களுக்குத் தேவை, ஓடும் தளத்தைப் பின்பக்கமிருந்து தூக்கி நிமிர்த்தி வைக்கும் வகை. அதிலும் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்டின் அளவு. பெட்டியில் அச்சிட்டிருப்பது சில சமயம் மொத்த இயந்திரத்தின் நீளமாக இருக்கும். டேப்பை எடுத்துப் போய், காலை வைக்கக்கூடிய பெல்ட் பரப்பை மட்டும் அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் 130-க்கு 45 செ.மீ. என்பது கீழ் எல்லை. 140-க்கு 50 இருந்தால் நிம்மதி. 120 செ.மீ. பெல்ட்டிலும் ஓட முடியும். ஆனால் பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் காலடி நீளம் சுருங்கி, முன்பக்க மூடியை உதைத்துக்கொண்டே ஓடுவீர்கள். 

அடுத்தது இயந்திரத்தின் எடை. 50 கிலோவுக்குக் குறைந்த சட்டம் 9 கி.மீ. வேகத்தில் ஆடும். 70-90 கிலோ உள்ளது அசையாமல் நிற்கும். மடக்கும் டிரெட்மில்லில் கீல் இருக்கும் இடம்தான் பலவீனமான இடம். கடையில் பக்கவாட்டுத் தூண்களைப் பிடித்து இருபுறமும் உலுக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு 10 நிமிடம், வழக்கமான வேகத்தில் ஓடிப் பாருங்கள். ஓட விடாத கடையில் வாங்காதீர்கள். தாங்கும் எடை என்று எழுதியிருப்பது உங்கள் எடையைவிட 30 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். அந்த எண்ணை எழுதும்போது பல கம்பெனிகள் நடப்பவரையே மனத்தில் வைத்திருக்கின்றன.

இனி இடம். மடக்கினால் இடம் மிச்சம் என்பது ஓடாத நேரத்துக்குத்தான். ஓடும்போது பின்னால் 2 மீட்டர் (ஆறரை அடி), பக்கங்களில் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தவறி விழுபவரைப் பெல்ட் பின்னால் தள்ளிவிடும். அங்கே சுவர் இருந்தால் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தோல் உரியும். விரித்த டிரெட்மில் 175 செ.மீ., பின்வெளி 200 செ.மீ., ஆக 375. உங்கள் அறையின் 11 அடி 335 செ.மீ.தான். நேராகப் போட்டால் பொருந்தாது. இரண்டு வழி உண்டு. பின்புறம் அறைக்கதவை நோக்கி இருக்கும்படி போட்டு, ஓடும்போது கதவைத் திறந்து வைக்கலாம். அல்லது மூலைக்கு மூலை குறுக்காகப் போடலாம்: குறுக்களவு சுமார் 453 செ.மீ.; ஒவ்வொரு மூலையிலும் 40 செ.மீ. வீணானால் 373 மிஞ்சும், 2 செ.மீ.தான் குறையும். அறையில் கட்டிலும் இருந்தால் இந்தக் கணக்கு நடக்காது.

ஆர்டர் கொடுக்குமுன் லிஃப்ட்டின் உட்புற நீளத்தையும் அளந்துவிடுங்கள். பெட்டி 170 செ.மீ.க்கு மேல் இருக்கும். லிஃப்ட்டில் போகாவிட்டால் 80 கிலோவை மாடிப்படியில் தூக்குவதற்குக் கூலி தனி.

கே: ஒரு கடையில் "4 எச்.பி." மோட்டார் உள்ளது மலிவாகக் கிடைக்கிறது. இன்னொரு கடையில் 2.5 எச்.பி. உள்ளதற்கு இரண்டு மடங்கு விலை. எதை நம்புவது?
– வாசகி, கோயம்புத்தூர்

மலிவானதில் போட்டிருப்பது 'பீக்' எச்.பி. மோட்டார் ஒரு நொடி முக்கினால் எட்டும் உச்சம் அது. நமக்கு வேண்டியது மணிக்கணக்கில் தரக்கூடிய 'கன்டினியுவஸ்' எச்.பி. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். 1 எச்.பி. என்பது 746 வாட். 4 எச்.பி. என்றால் ஏறத்தாழ 3,000 வாட். அந்த டிரெட்மில்லின் வயரில் இருப்பது சாதாரண 6 ஆம்பியர் பிளக் என்றால், 230 வோல்ட்டில் அது இழுக்கக்கூடியது 1,380 வாட்தான். இதில் மோட்டாரின் இழப்பைக் கழித்தால் ஒன்றரை எச்.பி.யே மிஞ்சாது. சுவரிலிருந்து வராத சக்தி பெல்ட்டுக்கு எங்கிருந்து வரும்?

விற்பனையாளரிடம் மூடியைக் கழற்றி மோட்டாரின் பெயர்ப்பலகையைக் காட்டச் சொல்லுங்கள். வோல்ட், ஆம்பியர் அல்லது வாட் அதில் இருக்கும். கேட்டதற்கு "சார்ட்ல பாருங்க" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். ஓடுவதற்கு டி.சி. மோட்டாரில் 2.5 எச்.பி. கன்டினியுவஸ் தேவை. 85 கிலோவுக்கு மேல் எடை, அல்லது வீட்டில் இரண்டு பேர் அடுத்தடுத்து ஓடுவார்கள் என்றால் 3. ஏ.சி. மோட்டார் ஜிம்களுக்கானது, வீட்டுக்கு அவசியமில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அதிக எடை உள்ளவர் 2-3 கி.மீ. வேகத்தில் மெதுவாக நடப்பதுதான் டி.சி. மோட்டாருக்குப் பெரிய தொந்தரவு. சுழற்சி குறைவு, அதனால் மோட்டாரின் உள்விசிறியும் மெதுவாகச் சுற்றும். ஆனால் இழுக்க வேண்டிய பாரம் அதே அளவு. சூடேறுகிறது. "அம்மா நடக்கத்தானே" என்று சின்ன மோட்டார் வாங்குபவர்கள் அம்மாவின் எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே: ஹாலில் 6 ஆம்பியர் பாயின்ட்தான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா?
– வாசகர், மதுரை

இரண்டும் கூடாது. ஓட்டத்துக்கான டிரெட்மில்லுக்கு ஏசி மாட்டுவது போல 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கென்று தனி எம்.சி.பி. (பாரம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்), நல்ல எர்த். அதே லைனில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் உள்ள மெல்லிய வயரில் வோல்டேஜ் விழும், பிளக் முனை கருகும், கன்ட்ரோலர் போர்டு போகும். போர்டு மாற்றும் செலவில் புதுப் பாயின்ட் இழுத்துவிடலாம்.

வீட்டு இன்வெர்ட்டர் இந்தப் பாரத்துக்கு ஆனதல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று வேகம் இழந்து நிற்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்க ஓரப்பலகைகளில் காலை வையுங்கள். மாலையில் வோல்டேஜ் 190-க்குக் கீழே போகும் ஊராக இருந்தால் ஸ்டெபிலைசர் போடுங்கள், அல்லது காலையில் ஓடுங்கள். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைச் சுற்றி வயர் கொடுக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். வியர்வை சொட்டும் கையோடு நிற்கும் இடம் அது. எர்த்தையும் மோட்டாரின் கசிவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கே: இரண்டாவது மாடியில் இருக்கிறோம். தளம் தாங்குமா? கீழ்வீட்டாருக்குச் சத்தம் கேட்குமா? படுக்கையறையில் பரணுக்குக் கீழேதான் இடம் இருக்கிறது.
– வாசகி, திருச்சி

தாங்கும். குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. 80 கிலோ டிரெட்மில்லும் 70 கிலோ மனிதரும் 1.4 சதுர மீட்டரில் நின்றால் சதுர மீட்டருக்கு 107 கிலோதான். விரிசலும் நீர்க்கசிவும் உள்ள பழைய தளம் என்றால் மட்டும் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்கும். மோட்டாரின் இரைச்சல் கீழே போகாது, காலடியின் 'தொம் தொம்'தான் போகும். 8-10 மி.மீ. ரப்பர் விரிப்பு அதிர்வை ஓரளவு குறைக்கும், முழுதாக நிறுத்தாது. அறையின் நடுவில் போடாமல், பீமோ தூணோ உள்ள சுவரை ஒட்டிய பக்கம் போட்டால் தளம் குறைவாக அதிரும். மற்றபடி, விடியற்காலை 5 மணிக்கு ஓடுவதைப் பற்றிக் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவதுதான் நல்லது.

பரண் விஷயம் ஆபத்தானது. பரண் பொதுவாக 7 அடியில், அதாவது 213 செ.மீ. உயரத்தில் இருக்கும். 173 செ.மீ. உயரமுள்ளவர், டிரெட்மில் தளத்தின் உயரம் 18, ஷூ 3, ஓடும்போது எழும்புவது 10: மொத்தம் 204. இதில் 10 சதவீத ஏற்றம் வைத்தால் முன்பக்கம் இன்னும் 14 செ.மீ. உயரும், நீங்கள் நிற்கும் இடத்தில் 8-9. தலை இடித்துவிடும். பரண் இல்லாத பக்கம் போடுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். ஓடும்போது கையைத் தூக்கிச் சோம்பல் முறிப்பது மனித இயல்பு. மின்விசிறி வேண்டும், ஆனால் அது முகத்துக்கு நேரே, முன்னால் இருக்கட்டும். நின்ற இடத்திலேயே ஓடுவதால் எதிர்க்காற்று கிடையாது, வியர்வை ஆறாது.

கே: மடக்கும்போது 'கிளிக்' சத்தம் வருவதில்லை. இறக்கும்போது தளம் தொப்பென்று விழுகிறது.
– வாசகர், ஈரோடு

கிளிக் வராமல் நிமிர்த்தி வைத்த டிரெட்மில் சுவரில் சாய்த்த ஏணியைவிட மோசம். முதலில் ஏற்றத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மடக்குகிறீர்களா என்று பாருங்கள். ஏற்றத்தோடு மடக்கினால் பல மாடல்களில் பூட்டு சரியான இடத்தில் வந்து உட்காராது. வரிசை இதுதான்: பெல்ட் முழுதாக நிற்க வேண்டும், ஏற்றம் பூஜ்யம், சுவிட்சை அணைத்து வயரைக் கழற்றுங்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை இரு கையாலும் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்கிப் பூட்டு விழும்வரை தள்ளுங்கள். பிறகு உங்கள் பக்கம் லேசாக இழுத்துப் பாருங்கள். அப்படியும் பூட்டு விழவில்லை என்றால் பூட்டு ஊசியில் தூசி அடைத்திருக்கும், அல்லது கீல் போல்ட் தளர்ந்திருக்கும்.

தொப்பென்று விழுவது அடியில் உள்ள கேஸ் சிலிண்டர் வலுவிழந்ததால். கார் டிக்கியைத் தாங்கும் தண்டு போன்றதுதான் அது. பழுது பார்க்க முடியாது, அதே அளவில் புதிது மாற்ற வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதால் பிரிக்க முயலாதீர்கள். மாற்றும்வரை கையாலேயே தாங்கித் தரைவரை இறக்குங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். புது டிரெட்மில் வாங்கிய ஒரு மாதத்தில் எல்லாச் சட்ட போல்ட்களையும் ஒரு சுற்று முடுக்கிவிடுவது நல்ல பழக்கம்.

கே: 4 வயதுப் பேரன் இருக்கிறான். என்ன கவனம் வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பாதுகாப்புச் சாவி. சிவப்புக் கயிற்றில் காந்தத்தோடு இருக்குமே, அதைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஓடுங்கள். முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். சாவி இல்லாமல் பெல்ட் நகராது. நீங்கள் ஓடும்போது அறைக்கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கட்டும். முதல் பதிலில் சொன்ன கதவைத் திறந்து வைக்கும் ஏற்பாடு குழந்தையுள்ள வீட்டுக்குப் பொருந்தாது. ஆபத்து பின்முனையில்தான். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட்+ மாடலில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. குழந்தைகள் பின்பக்கம் உள்ளே இழுக்கப்பட்டதும் ஒரு குழந்தை இறந்ததும் காரணம். அது மடக்கும் மாடல் அல்ல, ஆனால் பின் உருளைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லா டிரெட்மில்லிலும் உண்டு. மடக்கி நிமிர்த்திய டிரெட்மில் ஊஞ்சல் அல்ல என்று அவனுக்குச் சொல்லிப் பயனில்லை. பூட்டு விழுந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கே: முழங்கால் வலி வந்து போகிறது. ஓடாமல் நடந்தால் பலன் உண்டா? ஏற்றத்தை 1 சதவீதத்தில் வைத்தால்தான் ரோட்டில் ஓடுவதற்குச் சமம் என்கிறார்களே?
– வாசகி, சேலம்

வலிக்கான காரணத்தை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பலனைப் பொறுத்தவரை, ஏற்றத்தில் நடப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வாய்பாட்டில் போட்டால், சமதளத்தில் மணிக்கு 8 கி.மீ. ஓடுவதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லி ஆக்சிஜன் ஆகும். 10 சதவீத ஏற்றத்தில் 5.5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 29. இதயத்துக்கு வேலை ஏறத்தாழ ஒன்றே, ஆனால் காலில் விழும் அடி பாதியளவுதான். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். 10-க்கு நேரே தாவாமல் 3-4 சதவீதத்தில் தொடங்குங்கள், இல்லையென்றால் முழங்காலை விட்டு வலி குதிகாலுக்கு வரும். இப்படி நடக்கப் போகிறீர்கள் என்றால் மோட்டாரில் இயங்கும் ஏற்றம் உள்ளதையே வாங்குங்கள். ஊசியை மாற்றிச் செருகும் மூன்று படி ஏற்றத்தை ஒவ்வொரு முறையும் இறங்கித்தான் மாற்ற வேண்டும். நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

1 சதவீதம் என்பது 1996-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. அதில் பார்த்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 10.5 முதல் 18 கி.மீ. அதற்குக் கீழே எதிர்க்காற்றின் பங்கு சொற்பம். 8 கி.மீ.யில் ஓடுபவர் பூஜ்யத்திலேயே ஓடலாம்.

கே: பெல்ட் வலது பக்கம் ஒதுங்குகிறது. சில சமயம் கால் வைத்ததும் வழுக்கி நிற்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் தரை மட்டத்தைப் பாருங்கள். ஒரு கால் உயர்ந்திருந்தாலே பெல்ட் ஒதுங்கும். பிறகு பின்முனையில் இருபுறமும் உள்ள ஆலன் போல்ட். பெட்டியோடு வந்த சாவியே பொருந்தும். ஆள் ஏறாமல் 4-5 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, வலது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று முடுக்குங்கள். இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். பெல்ட் நடுவுக்கு வர நேரமாகும். அவசரப்பட்டு இன்னொரு கால் சுற்று கொடுத்தால் இடப்பக்கம் ஓடிவிடும். இடது பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட். தாவணியும் துப்பட்டாவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழுக்கலுக்கு, முன்மூடியைக் கழற்றி, கை வைக்காமல் பாருங்கள். 2 கி.மீ. வேகத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைக் காலால் அழுத்தி நிறுத்த முயலட்டும். பெல்ட் நின்றும் முன் உருளை சுற்றினால் ஓடும் பெல்ட் தளர்ந்திருக்கிறது: பின் போல்ட்கள் இரண்டையும் சமமாகக் கால் சுற்று முடுக்குங்கள். உருளையும் நின்று மோட்டார் மட்டும் சுற்றினால் மோட்டார் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அதை மெக்கானிக் பார்க்கட்டும். நடுவில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கினால் 5-7 செ.மீ. எழும்ப வேண்டும். வீணைத் தந்தி போல முடுக்கிவிட்டால் உருளையின் பேரிங் போகும்.

கே: தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

தலைக்கு விடுங்கள். பெல்ட்டுக்கு 100 சதவீத சிலிக்கோன் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரே, தையல் மெஷின் எண்ணெய் பெல்ட்டின் அடிப்பக்கத்தைக் கெடுக்கும். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, கால் விழும் இடத்துக்கு நேர் கீழே பலகையின் மேல், ஒரு பக்கத்துக்கு 15 மில்லி, இரு பக்கமும் சேர்த்து 30. பிறகு 5 நிமிடம் நடந்தால் பரவிவிடும். அதிகம் விட்டால் வழுக்கும்.

'மூன்று மாதத்துக்கு ஒரு முறை' என்பது நடப்பவர் கணக்கு. 150-200 கி.மீ.க்கு ஒரு முறை என்று வையுங்கள். வாரம் 28 கி.மீ. ஓடுபவருக்கு அது 7 வாரத்திலேயே வந்துவிடும். சந்தேகம் என்றால் வயரைக் கழற்றிவிட்டு அடியில் கைவிட்டுப் பாருங்கள்: விரலில் வழவழப்பு ஒட்டினால் போதும். வறண்ட பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும், முதலில் எம்.சி.பி. விழும், கவனிக்காவிட்டால் கன்ட்ரோலர் எரியும். சில மாடல்களின் பலகை மெழுகு பூசியே வரும். அதற்கு எண்ணெயே கூடாது. கையேட்டைப் பார்த்துவிட்டு விடுங்கள்.

கே: டிரெட்மில்லில் 5 கி.மீ.யை 28 நிமிடத்தில் முடிக்கிறேன். ரோட்டில் 31 ஆகிறது. நான் மோசமா, டிரெட்மில் மோசமா?
– வாசகர், வேலூர்

அளந்து பார்த்துவிடலாம். வயரைக் கழற்றி, பெல்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் உருட்டித் தையல் டேப்பால் முழுச் சுற்றையும் அளந்துகொள்ளுங்கள். 290 செ.மீ. என்று வைப்போம். 20 சுற்றுக்கு 58 மீட்டர். இப்போது நீங்கள் 8 கி.மீ. வேகத்தில் ஓடுங்கள், வேறொருவர் கோட்டை எண்ணிக் கடிகாரத்தைப் பார்க்கட்டும். 26 விநாடி ஆனால் டிரெட்மில் உண்மை சொல்கிறது. 29 ஆனால் நிஜ வேகம் 7.2 கி.மீ.தான், பத்தில் ஒரு பங்கு பொய். அப்படியானால் திரையில் 5 என்பது 4.5, அந்த 28 நிமிடம் முழு 5 கி.மீ.க்கு 31 ஆகிவிடும். ஆள் ஏறாமல் அளந்தால் சரியாகக் காட்டி, ஏறியதும் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது மோட்டார் திணறுகிறது.

கே: பழையது வாங்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

கடற்கரை ஊர் என்பதால் முதலில் பால்கனியில் வைத்திருந்ததா என்று கேளுங்கள். உப்புக்காற்று போல்ட்டையும் போர்டையும் தின்றிருக்கும். பெல்ட்டைத் தூக்கி அடிப்பக்கம் கண்ணாடி போல மினுங்குகிறதா, பலகையில் கால் விழும் இடம் குழிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். 20 நிமிடம் ஓடியதும் கருகல் வாடை வந்தால் விட்டுவிடுங்கள். மொத்தம் ஓடிய கிலோமீட்டரைச் சில மாடல்களில் திரையிலேயே பார்க்கலாம். அந்த மாடலுக்கு கன்ட்ரோலர் போர்டு இன்னும் கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்ட பிறகே விலை பேசுங்கள்.